லாஸ் ட்ராம்பாஸ் படங்கள்: கேள்வி பதில்

நியூ மெக்சிகோ மலைகளில் இருக்கும் ஸ்பானிய அமெரிக்கக் கிராமங்களை 1940-களில் எடுத்த ஆவணப் படங்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

இரண்டு பேரிடமிருந்து. 1940 ஜூலையில் சமிசால், பென்யாஸ்கோ ஊர்களை எடுத்த ரசல் லீ. 1943 ஜனவரியில், பனிக்காலத்தில், லாஸ் ட்ராம்பாஸை (சுருக்கமாக ட்ராம்பாஸ்) எடுத்த ஜான் காலியர் ஜூனியர். இருவருமே ராய் ஸ்ட்ரைக்கர் தலைமையில் இயங்கிய அமெரிக்க அரசின் புகைப்படப் பிரிவில் வேலை பார்த்தவர்கள். படங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பதிவிறக்கும்போது படக்குறிப்பையும் சேர்த்துப் பதிவிறக்குங்கள். குறிப்பை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் பகிர்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கேள்வி: என்ன லென்ஸ் வாங்கலாம்?

கையில் இருப்பதே போதும்.

கேள்வி: அழிந்துவரும் கிராமம் என்றால் வெடித்த மண்சுவரைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தாலே சொல்லிவிடலாமே?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். அங்கே வீடுகள் அடோபி, அதாவது வைக்கோல் கலந்த மண்கல். மழையிலும் பனியிலும் பூச்சு கரையும், வெடிக்கும், திரும்பப் பூசுவார்கள். லீயின் சமிசால் படம் ஒன்றில் பெண்கள் கையாலேயே சேற்றை அப்பிச் சுவரை மெழுகுகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை செய்யும் வேலை என்று குறிப்பு சொல்கிறது. பூசுவதற்கு ஒரு வாரம் முன்னால் போய் எடுத்தால் அதே வீடு பாழடைந்த வீடாகத் தெரியும். வழவழவென்று சிமென்ட் பூசிய சுவர்தான் பல இடங்களில் நோயாளி. சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது, உள்ளே மண் இற்றுப்போகும்.

ட்ராம்பாஸின் சரிவுக்குக் காரணம் சுவர் இல்லை, நிலம். 1751-இல் 12 குடும்பங்கள் குடியேறிய ஊர் அது. வாய்க்காலை ஒட்டிய வயல் அவரவருக்கு. மேய்ச்சலும் விறகும் பொது நிலத்தில். 1848-க்குப் பிறகு அமெரிக்க ஆட்சி வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பாகப்பிரிவினை வழக்கில் அந்தப் பொது நிலம் மொத்தமாக விற்பனைக்குப் போனது, சுமார் 28,000 ஏக்கர். பின்னாளில் அது அரசுக் காடானது. ஆட்டை எங்கே ஓட்டுவது? ஆண்கள் கொலராடோவின் சர்க்கரை பீட்ரூட் வயல்களுக்கும் சுரங்கங்களுக்கும் பிழைக்கப் போனார்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் அந்தக் கூலியும் நின்றது.

அதே நண்பர் மறுபடியும்: வழக்கை எப்படிப் படம் எடுப்பது?

நல்ல கேள்வி. ஒரே படத்தில் முடியாது. காட்டு வேலி, அதற்கு இந்தப் பக்கம் நிற்கும் நாலு ஆடு, வீட்டுக்குள் தாத்தாவும் பேரப்பிள்ளைகளும், நடுவில் இருக்க வேண்டிய வயதினர் இல்லாத அடுப்பங்கரை என்று வரிசையாக வைத்து, கீழே காரணத்தை எழுதுங்கள். காலியர் ஒரு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து கம்பளி சிக்கெடுப்பதிலிருந்து இரவு ஜெபம் வரை வரிசையாக எடுத்திருக்கிறார்.

இன்னொருவர்: அதெல்லாம் அரசு விளம்பரம் ஐயா. ஏன் கொண்டாடுகிறீர்கள்?

பாதி ஒப்புக்கொள்கிறேன். பென்யாஸ்கோ கிளினிக் படங்களில் அரசு உதவி எவ்வளவு நன்றாக நடக்கிறது பாருங்கள் என்ற தொனி இருக்கிறது. ஸ்ட்ரைக்கர் தனக்குப் பிடிக்காத நெகட்டிவ்களில் ஓட்டை போட்டதும் உண்மை. ஆனால் விளம்பரத்துக்கு எடுத்தவன் கண்ணிலும் அடுப்பும் சுவரும் சிக்கத்தான் செய்யும். சிக்கியதைப் படிக்காமல் மொத்தத்தையும் தள்ளிவிடுவது சோம்பேறித்தனம்.

அவரே: லீ ஃபிளாஷ் பல்பு வெளிச்சம் போட்டு எடுத்தார். அதுவே பொய்தானே?

சன்னல் சின்னதான மண்வீட்டில் அன்றைய ஃபிலிமுக்கு வேறு வழி? இருட்டில் மங்கலாக ஒரு பாட்டியை எடுத்தால் சோகம் கிடைக்கும். பல்பு போட்டால் அலமாரியில் என்ன டப்பா இருக்கிறது என்று எண்ணலாம். எனக்கு டப்பாதான் வேண்டும். இந்தச் சண்டையை இத்தோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: 50 எம்எம்மா, 35 எம்எம்மா?

மேலே சொல்லியாயிற்று.

கேள்வி: வாய்க்கால் நீர் உரிமைச் சட்டம் பற்றி?

வழக்கறிஞரைக் கேளுங்கள்.

கேள்வி: எடுத்த படத்தை ஊராருக்குக் காட்ட வேண்டுமா?

கட்டாயம். காலியர் பின்னாளில் மானிடவியல் பக்கம் போனார். படத்தைக் கையில் கொடுத்துப் பேட்டி எடுத்தால் ஆட்கள் விவரமாகப் பேசுகிறார்கள் என்று 1957-இல் எழுதினார். யார் வயல், யார் போய்விட்டார்கள் என்பதெல்லாம் அப்படித்தான் வெளியே வரும். உங்கள் குறிப்பு அங்கேதான் பிறக்கிறது.

கேள்வி: பெனிடென்டே சகோதரர்கள் என்ற கத்தோலிக்கச் சங்கத்தாரின் வழிபாட்டை எடுக்கலாமா?

கூடாது. அவர்களே கூப்பிட்டால் ஒழிய அவர்களின் வழிபாட்டு வீடான மொராடா பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். தூரத்திலிருந்து ஜூம் பண்ணி எடுப்பதும் இதில் சேர்த்திதான்.

கேள்வி: ஜூமுக்கு எந்த லென்ஸ்...

அடுத்த கேள்வி.

கேள்வி: ட்ராம்பாஸில் இப்போது பார்க்க என்ன இருக்கிறது?

1760-களில் கட்டத் தொடங்கிய சான் ஹோசே தேவாலயம். இன்றும் மண்பூச்சுதான்.