பிங்க் ஃபிளாய்டின் ‘அப்ஸ்கியூர்ட் பை கிளவுட்ஸ்’ வெறும் படப்பாட்டு ஆல்பம்தானா, தாண்டிப் போய்விடலாமா?

நீங்கள் பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் பேர்போன ஆல்பம் ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ கேட்டு மயங்கிவிட்டு, பின்னோக்கி ஒவ்வோர் ஆல்பமாகத் தோண்டிக்கொண்டு வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். வழியில் ஏதோ ஒரு மேதாவி, “அது படத்துக்குப் போட்டுக் கொடுத்தது, விட்டுடு” என்று சொல்லியிருப்பார். எனக்கும் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து சினிமாப் பாட்டு கேட்டே வளர்ந்த நம் ஆட்கள் இப்படிச் சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை.

தாண்டாதீர்கள். இயக்குநர் பார்பே ஷ்ரோடரின் ‘லா வாலே’ படத்துக்காக 1972இல், பாரிஸ் பக்கத்தில் ஒரு பழைய மாளிகையில் இருந்த ஸ்டூடியோவில் பதிவு செய்தது இது. ஜப்பான் கச்சேரிகளுக்கு முன்னும் பின்னுமாக, மொத்தம் ரெண்டு வார வேலை. ‘டார்க் சைட்’ பாடல்களை அதற்குள் மேடையில் வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு இங்கே வந்தார்கள். எடிட் முடியாத படத்தைப் போட்டுப் பார்த்து, ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து இசையமைத்தார்கள். பத்துப் பாட்டில் எதுவும் ஆறு நிமிடத்தைத் தொடாது. முந்தைய வருடம் வந்த இவர்களுடைய ‘எக்கோஸ்’ பாட்டு மட்டும் 23 நிமிடம்! (அடிக்க வராதீர்கள், எனக்கும் அது உயிர்தான்.)

நான் இதைக் கல்லூரி நாட்களில் ஒரு பழைய சிடி கடையில் வாங்கினேன். அட்டையில் வட்ட வட்டமாக ஏதோ மங்கலாக இருந்தது. ஃபிளாய்ட் விஷயத்தில் விடுதிக்கே நீதிபதியாக இருந்த அறைத்தோழன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “டேய், இது திருட்டு பிரிண்ட். கொண்டுபோய்க் கொடுத்துட்டு காசை வாங்கு” என்றான். நான் கொடுக்கவில்லை. மரத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கும் காட்சியை வேண்டுமென்றே ஃபோகஸ் இல்லாமல் அச்சிட்ட அட்டை அது என்று பிற்பாடு படித்ததும், அவனுக்குத்தான் முதலில் போன் போட்டேன். “சரி சரி, ஆனாலும் படப்பாட்டுதானே” என்றான்.

அவனை விடுங்கள். ‘ஃப்ரீ ஃபோர்’ கேளுங்கள். துள்ளலான தாளம், கைத்தட்டல். வரிகளிலோ முதுமையும் சாவும். நடுவில், பாட்டை எழுதிப் பாடிய குழுவின் பேஸ் கிட்டாரிஸ்ட் ரோஜர் வாட்டர்ஸ், 1944இல் இத்தாலியப் போர்முனையில் இறந்த தன் அப்பாவைக் கொண்டுவந்து விடுகிறார். அப்பாவின் சாவைப் பேசிய அவர்களுடைய ‘தி வால்’ ஆல்பம் வருவதற்கு ஏழு வருடம் முன்பே! அப்புறம் ‘பர்னிங் பிரிட்ஜஸ்’. அதே மெட்டு ‘மட்மென்’னில் பாட்டு இல்லாமல் திரும்ப வரும், அங்கே குழுவின் கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மரின் வாசிப்பு ஒன்றே போதும். கடைசிப் பாட்டின் முடிவில் பப்புவா நியூ கினி மக்கள் பாடுவது கேட்கும். படம் எடுத்த இடம் அதுதான். ‘டார்க் சைட்’டைவிட இது பெரிது என்று நான் சொல்லவில்லை, யாரும் கிளம்பி வர வேண்டாம். ஆனால் அடிக்கடி கேட்பது இதைத்தான்.

கேட்பது என்றால், கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது லேப்டாப்பில் சிடி போட இடமே வைப்பதில்லை. தனியாக ஒரு டிரைவ் வாங்கினேன், வாரண்டி முடிந்த கையோடு செத்துப்போனது. சர்வீஸ் சென்டரில் இருந்த தம்பி திறந்துகூடப் பார்க்கவில்லை. “இதையெல்லாம் இப்போ யார் சார் யூஸ் பண்றாங்க?” என்கிறான். பார்ப்பதற்கு முன்னாலேயே சோதனைக் கட்டணம் மட்டும் வாங்கிவிட்டார்கள். ரசீதும் தரவில்லை.