பாதியில நிண்டுபோன கேம்பர் வான் கூரையை எப்பிடி இறக்கிறது?

கேள்வி இதுதான்: மஸ்டா பொங்கோ பிரெண்டி வான், கரண்டில எழும்புற மேல்கூரை பாதி எழும்பினபடி நிண்டுட்டுது, சுவிட்சை அமத்தினா மேலயும் போகுதில்ல கீழயும் வருதில்ல, பின்னேரம் மழை வரும் போல இருக்கு, ரெண்டு பேர் மேல ஏறி அமத்தினா இறங்கிடுமா?

கடைசியாக் கேட்டதுக்கு முதல்ல சொல்றன், ஏறாதேங்கோ. மோட்டரில ஓடுற கூரைகளில அனேகமா ஒரு வோர்ம் கியர் இருக்கும், ஸ்குரூ ஆணி மாதிரிப் புரி வெட்டின, சுத்துற ஒரு தண்டும் அதோட கொழுவின ஒரு பல்லுச்சக்கரமும். தண்டு சக்கரத்தைச் சுத்தும், ஆனா சக்கரத்தைப் பிடிச்சுத் தள்ளி தண்டைச் சுத்தேலாது, அதாலதான் கரண்ட் நிண்டாலும் கூரை தானா வந்து உள்ள படுத்திருக்கிற ஆளின்ட தலையில விழுறதில்ல. அப்ப நீங்க மேல இருந்து எவ்வளவு பாரம் குடுத்தாலும் அது இறங்காது, கியரின்ட பல்லு உடையும் இல்லாட்டி கத்திரிக்கால் (கூரையைத் தாங்கிற, கத்திரிக்கோல் மாதிரி மடியிற கால்) வளையும். இப்ப உங்களிட்ட இருக்கிறது ஆயிரம் ரெண்டாயிரத்தோட முடியக்கூடிய வயர் பிரச்சினையா இருக்கலாம், ஏறி மிதிச்சா அது கூரை மாத்துற பிரச்சினையாப் போயிடும்.

என்ர அத்தானிட்ட இதே வான் இருக்கு, கொழும்பு வெள்ளவத்தையில கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையிலதான் நிக்கும். 1995இல இருந்து 2005 வரைக்கும் வந்த வண்டி, அந்தக் கூரைக்கு மஸ்டா வச்ச பேர் ஓட்டோ ஃப்ரீ டொப். அதாவது உங்கட வான் எவ்வளவு புதுசெண்டாலும் இருபது வயசுக்குக் குறையாது, அதின்ட வயர், றிலே (சின்னக் கரண்டால பெரிய கரண்டைத் திறந்து விடுற சாமான்), சுவிட்ச் எல்லாத்துக்கும் அதே வயசுதான். இதை மனசில வச்சுக்கொண்டு பாத்தா பாதிப் பயம் போயிடும், ஏனெண்டா கூரைக்கு எண்டு ஒரு பெரிய வருத்தம் வாறது குறைவு, பழசான சின்னச் சாமான் ஏதாவது ஒண்டுதான் கையை விட்டிருக்கும்.

முதல் செய்ய வேண்டியது சுவிட்சில இருந்து கையை எடுக்கிறது. திருப்பித் திருப்பி அமத்திக்கொண்டே இருந்தா மோட்டர் சூடாகும், கன மோட்டர்களில சூடானா தானா வெட்டுற ஒரு பாதுகாப்பு இருக்கு, அது வெட்டினா பிறகு என்ன அமத்தினாலும் ஒண்டும் நடக்காது, நீங்க மோட்டர் செத்துட்டுது எண்டு நினைப்பீங்க. ஒரு இருபது நிமிஷம், அரை மணித்தியாலம் சும்மா விடுங்கோ. பிள்ளையளை வானுக்குள்ள இருந்து இறக்கிவிடுங்கோ, கத்திரிக்காலுக்குள்ள ஒருத்தரும் கை வைக்க வேண்டாம்.

பிறகு ஒரு ஆள் சுவிட்சை ஒருக்கா மட்டும் அமத்த, மற்ற ஆள் உள்ள நிண்டு காதைக் குடுத்துக் கேக்கோணும். முழுக் கதையும் இந்தச் சத்தத்திலதான் இருக்கு. ஒரு சத்தமும் இல்லையெண்டா கரண்ட் அந்தப் பக்கமே போகேல்ல. 'டிக்' எண்டு ஒரு சத்தம் மட்டும் வந்தா றிலே வேலை செய்யுது, அதுக்கு அங்கால எங்கயோ அறுந்திருக்கு இல்லாட்டி பற்றரி காணாது. 'உம்ம்' எண்டு மோட்டர் முக்கிற சத்தம் வந்தா ஒண்டில் எங்கயோ இறுகியிருக்கு, இல்லாட்டி மோட்டருக்குப் போற கரண்ட் காணாது. மோட்டர் லேசாச் சுத்துற சத்தம் கேட்டும் கூரை அசையேல்ல எண்டா உள்ள பல்லு தேஞ்சிட்டுது இல்லாட்டி கேபிள் கழண்டிட்டுது, அப்பிடியெண்டா அதுக்கு மேல அமத்திறதால ஒரு பிரயோசனமும் இல்ல.

சத்தமே இல்லாத ஆக்களுக்கு: இந்தக் கூரையள் வேணுமெண்டே மாட்டன் எண்டு நிக்கும். ஓடுற வானில கூரை எழும்பக் கூடாது எண்டதுக்காக சாவி ஓனில இருக்கோணும், ஹேண்ட் பிறேக் போட்டிருக்கோணும், ஓட்டோ கியர் எண்டா P-யில (பார்க்கிங்) நிக்கோணும் எண்டு கட்டுப்பாடு வச்சிருப்பாங்கள். ஹேண்ட் பிறேக்கை இழுத்துத்தான் இருக்கு எண்டு நீங்க சொல்லுவீங்க, ஆனா வானுக்கு அது தெரியிறது லீவருக்குக் கீழ இருக்கிற ஒரு சின்ன சுவிட்சாலதான், அது ஊத்தை பிடிச்சிருந்தா வானைப் பொறுத்தவரைக்கும் பிறேக் போடேல்ல. டாஷ்போட்டில சிவப்பு பிறேக் லைட் எரியுதா எண்டு பாருங்கோ. எரியேல்லயெண்டா (பல்ப் போகாம இருந்தா) உங்கட பிரச்சினை கூரையிலயே இல்ல. லீவரை இன்னும் ரெண்டு பல்லு இழுத்துப் பாருங்கோ, கியரையும் ஒருக்கா N-க்கு (நியூட்ரல்) கொண்டுபோய் திரும்ப P-க்கு அடிச்சுப் பாருங்கோ.

பியூசையும் பாருங்கோ, போயிருந்தா அதே அம்பியர் பியூஸ்தான் போடோணும். சிகரட் பெட்டி ஈயப் பேப்பர் சுத்திற வேலை இங்க கன பேர் செய்யிறது, கூரைக்குள்ள ஓடுற வயர் சூடானா மேல கன்வஸ் துணியும் மெத்தையும் இருக்கு, அவ்வளவுதான் சொல்லுவன்.

அடுத்தது பற்றரி. கொழும்பில காலி வீதி ட்ரபிக்கில ஏசியோட ஊர்ந்து ஊர்ந்து ஓடுற வானுக்கு பற்றரி ஒழுங்கா சார்ஜ் ஏறுறதே இல்ல, இந்த வெக்கைக்கு அதின்ட ஆயுளும் குறைவு. ஸ்டார்ட் எடுக்குதுதானே எண்டு விட்டிடாதேங்கோ, மல்டிமீற்றர் வச்சுப் பாருங்கோ. ஒண்டும் ஓடாத நேரம் 12.6 வோல்டுக்குக் கிட்ட நிண்டா முழு சார்ஜ், 12.2 எண்டா பாதிதான், 12க்குக் கீழ எண்டா கூரையைப் பற்றிக் கதைக்கிறதுக்கு முதல் பற்றரியைப் பற்றிக் கதைக்கோணும். வெளிய திறந்த இடத்தில எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஓட விட்டுக்கொண்டு சுவிட்சை அமத்திப் பாருங்கோ, எஞ்சின் ஓடேக்க 14 வோல்ட் அளவில வரும், பாதியில நிண்ட கன கூரையள் அதோடயே இறங்கியிருக்கு. மூடின கராஜுக்குள்ள மட்டும் எஞ்சினை ஓட விடாதேங்கோ.

மேல போகும் கீழ வராது, இல்லாட்டி கீழ வரும் மேல போகாது எண்டு ஒரு பக்கம் மட்டும் பிழைச்சிருந்தா றிலேயைப் பாக்கோணும். இப்பிடி ரெண்டு பக்கமும் சுத்துற மோட்டருக்கு வழமையா ரெண்டு றிலே, ஒண்டு ஏத்திறதுக்கு ஒண்டு இறக்கிறதுக்கு, ரெண்டும் ஒரே சாமான். கழட்டி இடம் மாத்திப் போடுங்கோ. முந்தி இறங்காம இருந்தது இப்ப இறங்கி, ஆனா ஏறாம நிண்டா றிலேதான் கள்ளன். புது றிலே கொழும்பில வாகன உதிரிப்பாகம் விக்கிற பஞ்சிகாவத்தைக் கடையளில எடுக்கலாம், காலில இருக்கிற 30, 85, 86, 87, 87ஏ எண்ட நம்பரை ஒத்துப் பாத்து வாங்குங்கோ. நாலு கால் றிலேயை அஞ்சு கால் இடத்தில போட்டா வேலை செய்யாது, சும்மா நிக்கேக்க மோட்டரை ஏர்த்தோட (பற்றரி நெகட்டிவ் பக்கத்தோட) சேக்கிறது அந்த 87ஏ கால்தான். றிலே மாத்தியும் அதே பக்கம்தான் பிழையெண்டா லிமிட் சுவிட்ச். கூரை முடிவுக்கு வந்திட்டுது எண்டு சொல்ற சின்ன சுவிட்ச் அது, துருப்பிடிச்சு உள்ள ஒட்டியிருந்தா பாதியில நிக்கிற கூரையைப் பாத்து 'நீ ஏற்கனவே இறங்கிட்டாய்' எண்டு சொல்லிக்கொண்டிருக்கும்.

அத்தான்ட வானுக்கு நடந்தது இது ஒண்டுமில்ல. மோட்டர் முக்கினது, கூரை ரெண்டு விரல் அளவு இறங்கும், நிக்கும். மோட்டர் போயிட்டுது, யப்பானில இருந்து எடுப்பிக்கோணும் எண்டு ஒரு கராஜில சொல்லி விலையும் சொல்லிட்டாங்கள், 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025 பெப்ரவரியிலதான் தனியார் வாகனத்துக்குத் திரும்ப விட்டவை, அந்த இடைக்குள்ள பழைய வானை வச்சிருந்த ஆக்களிட்ட என்ன விலையும் சொல்லலாம் எண்டு ஆகிட்டுது. பிறகு வந்த எலக்ட்ரீசியன் பாஸ் (கைவேலைக்காரரை இங்க அப்பிடித்தான் சொல்றது), வயசான மனுசன், கராஜ்காரர் சொன்னதைக் கேக்கவே இல்ல, 'பொட்டக் இன்ன மாத்தயா' (கொஞ்சம் இருங்கோ ஐயா) எண்டு சிங்களத்தில அத்தானைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு மீற்றரை எடுத்தார். பற்றரியில 12.5. மோட்டர் பிளக்குக்குப் பின்னால ஊசியைக் குத்தி வச்சுக்கொண்டு சுவிட்சை அமத்தச் சொன்னார், 7 வோல்ட் கூட ஒழுங்கா நிக்கேல்ல. அப்ப மீதி வோல்ட் வழியில எங்கயோ கரையுது. மீற்றரின்ட ஒரு முனையை பற்றரி நெகட்டிவிலயும் மற்றதை மோட்டரின்ட ஏர்த் வயரிலயும் வச்சு திரும்ப அமத்த, பூச்சியத்துக்குக் கிட்ட இருக்க வேண்டிய இடத்தில 5 சொச்சம் காட்டினது. மனுசன் சிரிச்சார். பின்பக்க உள் பனலைக் கழட்டி அந்த ஏர்த் வயர் வானின்ட இரும்புப் பொடியில (body) பூட்டியிருக்கிற இடத்தைப் பாத்தா, வளையம் முழுக்கப் பச்சைப் பச்சையா மாப்பிடிச்ச மாதிரிக் களிம்பு, ஆணிக்குக் கீழ பெயின்ட் ஊதி துரு. கடல் காத்து செய்த வேலை. உப்புத்தாள் போட்டு இரும்பு மினுங்கிற வரைக்கும் தேய்ச்சு, புது வளையம் அடிச்சு, இறுக்கிப் பூட்டி, மேல கொஞ்சம் கிறீஸ் பூசினார். கூரை சத்தமில்லாம இறங்கினது. அந்த மோட்டர்தான் இண்டைக்கும் ஓடுது.

அதால என்ர கருத்து, மோட்டர் போயிட்டுது எண்டு ஆராவது சொன்னா, அமத்தேக்க மோட்டர் பிளக்கில எத்தினை வோல்ட் வந்தது எண்டு திருப்பிக் கேளுங்கோ. பதில் வராட்டி அந்த ஆள் பாக்கேல்ல. 11, 12 வந்தும் மோட்டர் சுத்தேல்லயெண்டாத்தான் மோட்டரையோ இறுக்கத்தையோ சந்தேகப்படலாம்.

இறுக்கம் எண்டா பாக்கிறதுக்கு கன இடம் இல்ல. கன்வஸ் மடிப்பு கத்திரிக்காலுக்குள்ள போய் மாட்டியிருக்கா எண்டு டோர்ச் அடிச்சுச் சுத்திப் பாருங்கோ, மெத்தை, போர்வை, பிள்ளையளின்ட சாமான் ஏதாவது கிடக்கா எண்டும் பாருங்கோ. இறக்கேக்க ஒரு கண்ணாடியோ கதவோ திறந்திருக்கோணும், உள்ள அடைபட்ட காத்துப் போக வழியில்லாட்டி கன்வஸ் வெளிப்பக்கம் பலூன் மாதிரித் தள்ளி விளிம்பில மாட்டும். பழைய கிறீஸ் காஞ்சு தார் மாதிரிப் போயிருந்தா அதைத் துடைச்செடுத்திட்டு புதுசு பூசோணும், அதுக்கு மேல டபிள்யூடி 40 ஸ்ப்ரே அடிச்சா ரெண்டு நாளைக்கு வழுக்கும், பிறகு இருந்த கிறீசும் போய் இன்னும் இறுகும். ரப்பர் பீடிங்குக்கு சிலிக்கன். கன்வசில ஒண்டும் அடிக்க வேண்டாம். ஒரு பக்கம் உயர்ந்து மற்றப் பக்கம் தாழ்ந்து கோணலா நிண்டா மட்டும் சுவிட்சைத் தொடவே தொடாதேங்கோ, ஒரு பக்கம் கேபிளோ பல்லோ நழுவியிருக்கு, அதை மட்டப்படுத்தாம ஓட்டினா கால் முறுகும்.

மழைக்கு முதல் எப்பிடியும் இறக்கோணும் எண்டா, வானின்ட புத்தகத்தில கையால இறக்கிற முறை இருக்கா எண்டு பாருங்கோ. புத்தகம் யப்பானில இருந்தா போன் கமராவில மொழிபெயர்க்கலாம், படமே பாதி விளங்கும். ஹைட்ராலிக் பம்ப் வச்ச கூரையெண்டா, சில வொக்ஸ்வாகன் கலிபோர்னியா வானுகளில இருக்கிற மாதிரி, பிரஷர் விடுற வால்வை மெல்ல மெல்லத்தான் திறக்கோணும், ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் கூரையைத் தாங்கிக்கொண்டு நிக்கோணும். மோட்டர் கூரையெண்டா எலக்ட்ரீசியன் செய்யிற வேலை, மோட்டர் பிளக்கை முழுசாக் கழட்டிட்டு பற்றரியில இருந்து பியூஸ் போட்ட வயரால மோட்டருக்கு நேரா கரண்ட் குடுக்கிறது. பிழைப்பக்கம் சுத்தினா ரெண்டு வயரையும் மாத்திக் குடுத்தாச் சரி. ஆனா அப்ப லிமிட் சுவிட்ச் ஒண்டும் வேலை செய்யாது, நிப்பாட்டிறது உங்கட கண்தான், ஒரு செக்கன் குடுத்து எடுத்துப் பாத்து திரும்பக் குடுத்து எண்டுதான் இறக்கோணும், முடிவுக்குக் கிட்ட வரேக்க இன்னும் மெல்ல. பழக்கமில்லாட்டி நீங்க செய்யாதேங்கோ. கையை உள்ள விடுற எந்த வேலைக்கும் முதல் பற்றரி வயரைக் கழட்டி, கூரைக்கும் பொடிக்கும் இடையில நல்ல மரக்கட்டை ரெண்டு முட்டுக் குடுங்கோ.

அதுவும் ஏலாதெண்டா ஒரு பெரிய தறப்பாளைப் போட்டு நாலு பக்கமும் இழுத்துக் கட்டிட்டு நாளைக்குப் பாருங்கோ, ஒரு இரவு மழையால கூரைக்கு ஒண்டும் ஆகாது. கூரை எழும்பினபடி கராஜுக்கு ஓட்டிக்கொண்டு மட்டும் போகாதேங்கோ, காத்துக்கே கால் வளையும், மரக்கொப்பு, வயர் எல்லாம் வேற. பாஸை வீட்டுக்குக் கூப்பிடுங்கோ. கன்வஸ் நனைஞ்சிருந்தா இறக்கினாப் பிறகு வெயில் நாளில திரும்ப எழுப்பிக் காயவிடோணும், கொழும்பு ஈரத்துக்கு மூடியே வச்சா பூஞ்சணம் பிடிச்சு அந்த மணம் போகவே போகாது.

ஒருக்கா அமத்திப் பாத்திட்டு என்ன சத்தம் வந்தது, டாஷ்போட்டில பிறேக் லைட் எரிஞ்சுதா, பற்றரி எத்தினை வோல்ட் எண்டு கீழ எழுதிவிடுங்கோ தம்பி, அதைப் பாத்துட்டு மிச்சம் சொல்றன்.