வான் வாங்கி வீடாக்கலாமா? முதலில் இரவுகளை எண்ணுங்கள்

கேள்வி: அக்கா, எனக்கு 36 வயது, இருப்பது மட்டக்களப்பு கல்லடியில். 8 வருடம் கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்து, இப்போது ஊரில் வீட்டு வயரிங் ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறேன். மனைவி ஆசிரியை. 4 வயதில் ஒரு மகள். கையில் 75 இலட்சம் இருக்கிறது, கடன் இல்லை. ஒரு வான் வாங்கி, உள்ளே கட்டிலும் சின்ன அடுப்பும் வைத்து, விடுமுறைக்கு விடுமுறை ஊர் சுற்ற வேண்டும் என்பது எங்கள் நீண்ட நாள் ஆசை. மூன்று வான் பார்த்து வைத்திருக்கிறேன். டொயோட்டா கேடிஎச் 125 இலட்சம், அதில் 60 இலட்சம் லீசிங் (வாகனத் தவணைக் கடன்) போடலாம் என்கிறார்கள். டொயோட்டாவின் பழைய டொல்பின் 55 இலட்சம். சுசுகியின் சின்ன வான் எவ்ரி 48 இலட்சம். நாங்கள் போகாத நாட்களில் அறுகம்பையில் வெளிநாட்டவர்களுக்கு வாடகைக்கு விட்டால் லீசிங் தவணை வந்துவிடும் என்று நண்பர் சொல்கிறார். எதை எடுக்கட்டும்? இப்போது சாமான் ஏற்ற மாதம் 25 ஆயிரம் வரை வாடகை வாகனத்துக்குக் கொடுக்கிறேன்.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசி வரிதான். நீங்கள் சும்மா எழுதிவிட்டீர்கள், ஆனால் விடை அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

முதலில் அந்த வானில் வருடத்துக்கு எத்தனை இரவு தூங்குவீர்கள் என்று எண்ணுங்கள். மனைவி ஆசிரியை என்றால் பாடசாலை விடுமுறைதான் கணக்கு. மார்கழி விடுமுறை நமக்கு மழையோடு போய்விடும். ஏப்ரலும் ஓகஸ்டும் மிச்சம், அத்தோடு போயா (பௌர்ணமி விடுமுறை) சேரும் சில வார இறுதிகள். தாராளமாகப் போட்டாலும் 30 இரவு.

இனி கேடிஎச்சைப் பார்ப்போம். 60 இலட்சத்தை 5 வருடத்துக்கு, குறைந்து செல்லும் நிலுவைக்கு 15 வீத வட்டி என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 1 இலட்சத்து 42 ஆயிரத்து 700. முடிக்கும்போது வட்டி மட்டும் 25 இலட்சத்தைத் தாண்டியிருக்கும், வருடத்துக்கு 5 இலட்சத்துக்கு மேல். உங்கள் கைக்காசு 65 இலட்சமும் உள் வேலைக்கு ஒரு 6 இலட்சமும் நிலையான வைப்பில் கிடந்திருந்தால், 8 வீத வட்டியில் 10 வீத பிடித்துவைத்தல் வரி போக இன்னுமொரு 5 இலட்சம் தந்திருக்கும். காப்புறுதி, டயர், சேர்விஸ் எதையும் சேர்க்காமலே வருடத்துக்கு 10 இலட்சத்துக்கு மேல். 30 இரவுக்குப் பிரித்தால் ஓர் இரவுக்கு 34 ஆயிரம்! அதற்குப் பாசிக்குடாவில் கடலைப் பார்த்தபடி நல்ல அறையே எடுக்கலாம். கையிலும் 4 இலட்சம்தான் மிஞ்சும். ஒரு மாதம் ஒப்பந்தக் காசு பிந்தினால் தவணையே கழுத்தை நெரிக்கும். வேண்டாம்.

டொல்பினுக்கு அதே கணக்கு. 55 இலட்சமும் உள் வேலைக்கு 6 இலட்சமும் சேர்த்து 61. வைப்பில் இருந்திருந்தால் வரி போக வருடத்துக்கு 4 இலட்சத்து 39 ஆயிரம். காப்புறுதி, வரிப் பத்திரம், டயர், சேர்விஸ் எல்லாம் சேர்த்து ஒன்றரை இலட்சம் போடுங்கள். இப்போதுதான் உங்கள் கடைசி வரி வருகிறது. கம்பி ரோல், குழாய், ஏணியெல்லாம் இனி உங்கள் வானில் ஏறும். மாதம் 25 ஆயிரம் வாடகையில் டீசலுக்கு 10 ஆயிரம் போனாலும் 15 ஆயிரம் மிச்சம், வருடத்துக்கு 1 இலட்சத்து 80 ஆயிரம். கழித்துப் பார்த்தால் 4 இலட்சத்து 9 ஆயிரம் வரும். ஓர் இரவுக்கு 13,600. மலிவு என்று சொல்லமாட்டேன். ஆனால் கடன் இல்லாமல், அவசரத்துக்கு 14 இலட்சம் கையில் வைத்துக்கொண்டு, மகள் சின்னவளாக இருக்கும்போதே அனுபவிக்கலாம். இந்த ஆசை தாங்கக்கூடிய ஆசைதான்.

எவ்ரி மலிவாகத் தெரியும். 660 சிசி எஞ்ஜின், மொத்த நீளமே 3.4 மீட்டர், சுமை 350 கிலோ. மூன்று பேர், கட்டில், தண்ணீர்க் கான், அதற்குமேல் வார நாட்களில் உங்கள் கம்பி ரோல். இருவராக இருந்தால் யோசிக்கலாம். உங்களுக்குச் சரிவராது.

அப்படியானால் டொல்பின். ஆனால் காசைக் கொடுக்குமுன் அளவு நாடாவோடு உள்ளே ஏறுங்கள். இந்த வகை வானின் உள் அகலம் ஏறக்குறைய 5 அடிதான், வளர்ந்த ஆள் குறுக்கே படுக்க முடியாது. கட்டில் நீளவாக்கில்தான் வரும். எஞ்ஜின் முன் ஆசனத்துக்குக் கீழே இருப்பதால், பொத்துவில் வரை ஓடி நிறுத்தியதும் அந்தச் சூடு கொஞ்ச நேரத்துக்கு உள்ளேயே நிற்கும். நம்ம ஊர் வெக்கையில் அது சின்ன விஷயமா? தலைமாட்டைப் பின்கதவுப் பக்கம் வையுங்கள், நுளம்பு வலை அடித்த ஜன்னலுக்கும் ஃபேனுக்கும் முதலில் செலவழியுங்கள். 100 ஆம்பியர் மணி, 12 வோல்ட் லித்தியம் பற்றரியில் சுமார் 1,200 வாட் மணிதான் இருக்கும். ஃபேனும் லைட்டும் இரவு முழுக்க ஓடும், ஏசி இரண்டு மூன்று மணித்தியாலத்தில் குடித்துவிடும். இது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். வயரிங்கை நீங்களே செய்வதால்தான் 6 இலட்சத்தில் முடியும் என்று துணிந்து எழுதினேன்.

அடுத்தது கறள். நம்முடைய வாகனங்கள் உப்புக் காற்றிலேயே நிற்பவை. புதுப் பெயின்டைப் பார்த்து மயங்காமல், வானை லிஃப்டில் ஏற்றிச் செசியை, அதாவது அடிச்சட்டத்தைப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வாகனமும் ஊருக்குள் சுற்றுகிறது. 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு என் அண்ணன் ஒரு வான் வாங்கினார். கழுவி, செண்ட் அடித்து, புது மிதியடி போட்டு வைத்திருந்தார்கள். இரண்டு மாதத்தில் லைட் ஒவ்வொன்றாகச் செத்தது. பிறகு மெக்கானிக் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துக் காட்டினார். சுருளுக்குள் இருந்த பகுதியில் ஒரு சாண் நீளத்துக்குச் சேறு காய்ந்து கோடாக நின்றது. அதை வாங்குமுன் இழுத்துப் பார்க்க அரை நிமிடம் போதும். நீங்கள் எல்லா பெல்ட்டையும் இழுத்துப் பாருங்கள்.

பதிவுப் புத்தகத்தில் வாகன வகுப்பையும் பாருங்கள். லொறி என்று இருந்தால் மகளைப் பின்னால் ஏற்றிப் போக முடியாது, வருடா வருடம் தகுதிச் சான்றிதழும் கேட்பார்கள். ஆளும் சாமானும் ஏற்றக்கூடிய இரட்டைப் பாவனை வாகனம் என்று பதிந்ததையே தேடுங்கள். மகளுக்குப் பெல்ட் உள்ள பின் ஆசனம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். செசி இலக்கமும் எஞ்ஜின் இலக்கமும் புத்தகத்தோடு ஒத்துவர வேண்டும், பழைய லீசிங் நிறுவனத்தின் பெயர் முழு உரிமையாளராக இன்னும் அதில் நிற்கக் கூடாது.

உள் வேலையில் எதையும் வெல்டிங் பண்ணாதீர்கள். கூரையை வெட்டுவது, ஆசனத்தை நிரந்தரமாகக் கழற்றுவது எல்லாம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதிக்குப் போகும். காசுப் பக்கத்திலும் காரணம் உண்டு. வானுக்குக் கொடுத்த 55 இலட்சத்தில் பெரும்பகுதி விற்கும்போது திரும்பி வரும், தச்சு வேலைக்குக் கொடுத்தது வராது. கட்டிலையும் அடுப்புப் பெட்டியையும் நட்டு போல்ட்டில் மாட்டுங்கள். வெள்ளி மாலை ஏற்றி, திங்கள் காலை இறக்கினால் வான் மறுபடி வேலைக்குத் தயார். பழைய வான் விலை ஏறும் என்று மட்டும் நம்பாதீர்கள். 2020இல் இறக்குமதியை நிறுத்தியதால்தான் விலை அப்படி ஏறியது. 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள்.

அறுகம்பை வாடகையைப் பற்றி நண்பர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அங்கே வெளிநாட்டவர் வரும் அலைச்சறுக்குப் பருவம் ஏப்ரல், மே தொடங்கி ஒக்டோபர் வரை. உங்களுக்கு விடுமுறை வரும் அதே ஓகஸ்டில்தான் அவர்களுக்கும் வான் தேவை. தனியார் பாவனைக்கு எடுத்த காப்புறுதி, வாடகைக்கு விட்ட வாகனம் மோதினால் கைவிட்டுவிடும். பிற்காலத்தில் முறையாகச் செய்வதென்றால் அதற்குரிய காப்புறுதியை எடுத்துச் செய்யுங்கள், இப்போது அந்த வருமானத்தை ஒரு சதம்கூட கணக்கில் எழுத வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். முற்பணம் கொடுக்குமுன், தெரிந்தவர் யாரிடமாவது ஒரு டொல்பினை இரண்டு நாளைக்கு எடுத்து, பின்னால் மெத்தையைப் போட்டு, மூவரும் பொத்துவில் பக்கம் போய் வாருங்கள். யானை நடமாட்டம் உள்ள பகுதி, கண்ட இடத்தில் நிறுத்தாமல் விருந்தினர் விடுதி ஒன்றின் வளவில் கேட்டு நிறுத்துங்கள். திரும்பி வந்ததும் மனைவியிடம் கேளுங்கள், அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.