வாசகர் கேள்வி பதில்: வெல்வெட்டா, பிளீஸா?

கேள்வி: மகளின் ஆவணிக் கல்யாணத்துக்கென்று கனடாவில் இருக்கும் என் தங்கை மூன்று யார் கருஞ்சிவப்புத் துணி அனுப்பியிருக்கிறார். வெல்வெட் என்றுதான் வாங்கினாராம். தைக்கக் கொடுத்த இடத்திலோ, இது குளிருக்குப் போடும் பிளீஸ் (fleece) துணி, சேலைச் சட்டைக்குச் சரிவராது என்கிறார்கள். தொட்டால் பட்டுப்போல மெத்தென்று இருக்கிறது. யாரை நம்புவது?
– வாசகி, கோண்டாவில்

பதில்: தொடும்போது தெரியும் மென்மையை மட்டும் நம்பாதீர்கள். பட்டு வெல்வெட் இன்று அரிது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வெல்வெட்டும் பிளீஸைப் போலவே பெரும்பாலும் பொலியெஸ்ரர் நூலால் ஆனது. அந்த நூல் எப்படித் துணியானது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

வெல்வெட் தறியில் நெய்யப்படுவது. வழக்கமான பாவுக்கும் (நீளவாட்டு நூல்) ஊடைக்கும் (குறுக்கு நூல்) மேலாக இன்னொரு பாவு நூல் அதற்கு வேண்டும். இரண்டு துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெய்யும்போது, அந்த மேலதிக நூல் இரண்டுக்கும் இடையில் மேலும் கீழுமாக ஓடி அவற்றைப் பிணைக்கிறது. தறியிலுள்ள கத்தி அதை நடுவே அறுத்துச் செல்ல, இரண்டு வெல்வெட் துணிகள் பிரிந்து வருகின்றன. அறுபட்ட நுனிகள் நெருக்கமாக நிமிர்ந்து நிற்பதால்தான் முதல் மழைக்கு வெளிவரும் தம்பளப்பூச்சியின் முதுகைப்போல அது தோன்றுகிறது. வெனிசிலும் ஜெனோவாவிலும் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே பட்டில் இதை நெய்து புகழ்பெற்றிருந்தார்கள்.

பிளீஸ் நேற்று வந்த துணி. 1979 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து மோல்டன் மில்ஸ் ஆலையில், செம்மறி உரோமத்தின் கதகதப்பைப் பொலியெஸ்ரரில் கொண்டுவர உருவாக்கப்பட்டது. அது பெனியனைப்போலப் பின்னப்படுவது. பின்னிய துணியைக் கம்பிப் பற்கள் கொண்ட உருளைகள் உரசி இழைகளைக் கலைத்துப் பொங்கச் செய்யும். அந்தக் கலைசலுக்குள் அடைபடும் காற்றுத்தான் குளிரைத் தடுக்கிறது.

இனி உங்கள் துணியை எடுத்து, வெட்டுப்பட்ட ஓரத்தில் ஓர் ஊசிமுனையால் நூலைக் கிளப்பிப் பாருங்கள். வெல்வெட் என்றால் நூல் நேராகக் கழன்று வரும், கூடவே பொடிமயிர் உதிர்ந்து விரலில் ஒட்டும். பிளீஸ் அப்படிப் பிரியாது. அகலவாட்டில் இழுத்தால் இழுபடும். துணியைத் திருப்பியும் பாருங்கள்: வெல்வெட்டின் பின்புறம் வெறும் நெசவாக இருக்கும், பிளீஸோ பெரும்பாலும் இருபுறமும் பொங்கியிருக்கும். பின்னிச் செய்த ஸ்ரெச் வெல்வெட்டும் இழுபடும் என்பதால் இழுவையை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். அதிலும் மயிர் ஒருபுறந்தான்.

பிளீஸ்தான் என்றால் தையற்காரர் சொன்னதே சரி. இழுபடும் தடித்த துணியில் உடம்போடு ஒட்டிய சட்டை வடிவாக அமையாது. பொலியெஸ்ரர் தன் நிறையில் நூற்றுக்கு 1 பங்கு ஈரத்தைக்கூட உறிஞ்சுவதில்லை என்பதால், ஆவணி வெக்கையில் ஓமப் புகைக்கு முன்னால் மணிக்கணக்காக இருக்கும் பிள்ளைக்கு அது தண்டனையாகிவிடும். மார்கழிப் பனியில் விடிய எழும்பிக் கோயிலுக்குப் போகும் அம்மம்மாவுக்கு ஒரு போர்வையாக ஓரம் அடித்துக் கொடுங்கள். தங்கையின் அன்பும் வீண்போகாது.

வெல்வெட் என்றால் தாராளமாகத் தையுங்கள், ஆனால் வெட்டும்போது அருகில் நில்லுங்கள். வெல்வெட் மயிர் ஒரு திசைக்குச் சாய்ந்திருக்கும். கையால் தடவினால் ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் தடுக்கும். தடுக்கும் திசையிலிருந்து பார்த்தால் நிறம் ஆழ்ந்து தெரியும், மற்றத் திசையில் வெளிறி மினுங்கும். ஒரு கல்யாணப் படத்தில் மணமகளின் இடது கை மட்டும் சாயம் போனதுபோல இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். துணியை மிச்சம் பிடிக்க அந்தக் கையைத் தலைகீழாக வெட்டியிருந்தார்கள். எல்லாத் துண்டுகளும் ஒரே திசையில் இருக்கட்டும், மயிர் மேல்நோக்கி இருப்பது எனக்குப் பிடித்தமானது. மினுக்கும்போது நல்ல பக்கத்தில் சூட்டுப்பெட்டியை வைக்கவே கூடாது. நசுங்கிய மயிரை நிமிர்த்துவது கடினம். தடித்த துவாயின்மேல் கவிழ்த்துப் போட்டு, பின்புறமிருந்து நீராவி மட்டும் காட்டுங்கள்.

கேள்வி: நகைப்பெட்டியின் உள்ளே உள்ள வெல்வெட் இரண்டு வருடத்தில் திட்டுத்திட்டாக உதிர்ந்துவிட்டது. மட்டமான வெல்வெட்டா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: அது பெரும்பாலும் வெல்வெட்டே அல்ல. பசை பூசிய பரப்பின்மேல் பொடியாக நறுக்கிய இழைகளை மின்புலத்தால் நிமிர்த்தி ஒட்டிவிடுவார்கள். நெய்யப்படாததால் அந்த இழையைப் பிடித்துவைக்கப் பசையைத் தவிர வேறொன்றுமில்லை. நம்மூர் வெக்கையிலும் ஈரத்திலும் பசை விட்டதும் அது கொட்டிவிடுகிறது. மீந்ததைச் சுரண்டிவிட்டு, தையற்கடையில் வெட்டி மிஞ்சிய பருத்தி வெல்வெட் துண்டொன்றை வாங்கி ஒட்டிக்கொள்ளுங்கள்.