கேட்டுல புடிச்ச ஆள ரூம்ல போட்டு பூட்டலாமா?

ஒரு தொழிற்சாலை மேனேஜர் எழுதியிருக்கார். மெயின் கேட், சரக்கு ஏத்தி இறக்குற லோடிங் பே, பின்பக்கம் ஒரு ஷட்டர்னு மூணு வழி இருக்கு. மாசக்கணக்குக்கு முன்னாடி வேலைய விட்டு நின்ன ஒருத்தர் பழைய ஐடி கார்ட மாட்டிக்கிட்டு ஷிப்ட் மாறுற கூட்டத்தோட உள்ள வந்துட்டார். லோடிங் பே பக்கம் நின்னவர செக்யூரிட்டி புடிச்சு, மேனேஜர்கிட்ட போன்ல கேட்டுட்டு, 5 மணி நேரம் ரூம்ல பூட்டி வெச்சிருக்கார், நாலு அடியும் விழுந்திருக்கு, அப்புறம் அப்படியே வெளிய அனுப்பிட்டாங்க. இப்ப அந்த ஆள் போலீஸ்ல புகார் குடுத்துட்டார். "அத்துமீறி நுழைஞ்சது அவன், கேஸ் எங்க மேலயா"ன்னு கேக்குறார். இனிமே யாரும் வராம இருக்க வேலியில கரண்ட் விடலாமா, பின்பக்க ஷட்டர இப்ப பூட்டு போட்டு வெச்சிருக்கோம் சரிதானேன்னும் கேட்டிருக்கார்.

சார், மொதல்ல ஒரு அவசர வேலை. அன்னைக்கு பதிவான கேமரா ஃபுட்டேஜ இப்பவே தனியா காப்பி எடுத்து வைங்க, ஏன்னா டிஸ்க் நிறைஞ்சதும் ரெக்கார்டர் பழசு மேலயே புதுச எழுதிரும், அடி விழுந்தது அதுல தெரியுதேன்னு அழிக்கவும் செய்யாதீங்க, சாட்சியத்த அழிச்சா அது தனி குற்றம், இருக்கிற தலைவலி ரெண்டாயிடும்.

இப்ப கேள்விக்கு வரேன். ஆமா, கேஸ் உங்க மேலயும் வரும். அவர் செஞ்சது தப்பா இருக்கலாம், ஆனா அது ஒரு கணக்கு, நீங்க செஞ்சது வேற கணக்கு, ஒண்ணு இன்னொண்ண கழிக்காது. குற்ற அத்துமீறல்னா வெறுமனே உள்ள வந்தது மட்டும் இல்ல, குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமானப்படுத்தவோ, தொந்தரவு குடுக்கவோ எண்ணம் இருந்திருக்கணும். 1860ல எழுதின இந்திய தண்டனைச் சட்டத்தோட 441ம் பிரிவு இத சொல்லுச்சு, சிங்கப்பூர் மலேசியா சட்டத்துலயும் அதே நம்பர்தான், இந்தியாவுல 2024 ஜூலை 1லேருந்து அது புது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவோட 329ம் பிரிவு. இந்தியாவுல இதுக்கு தண்டனை 3 மாசம் வரைக்கும், சரக்கு வெக்கிற கட்டடத்துக்குள்ள நுழைஞ்சா 1 வருஷம் வரைக்கும். ஒருத்தர சட்டவிரோதமா அடைச்சு வெச்சா? அதுக்கும் 1 வருஷம் வரைக்கும் இருக்கு சார், அதே சன்ஹிதாவோட 127ம் பிரிவு. அடிச்சது இதுல சேரல, அது தனி.

செக்யூரிட்டிக்கு யூனிஃபார்ம் இருக்கிறதால போலீஸ் அதிகாரம் வந்துராது. தனிநபர் ஒருத்தர் இன்னொருத்தர கைது பண்ணலாம்தான், ஆனா ஜாமீன்ல விட முடியாத, போலீஸ் நேரா கைது பண்ணக்கூடிய குற்றம் தன் கண் முன்னாடி நடந்திருக்கணும், புடிச்சா தேவையில்லாம தாமதிக்காம, அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல ஒப்படைக்கணும், இது இந்தியாவோட புது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவோட 40ம் பிரிவு. வெறும் அத்துமீறல் ஜாமீன்ல விடுற குற்றம். திருட வந்தார்னு ஆதாரம் இருந்தா கதை வேற, ஆனா நீங்க போலீஸ கூப்பிடவே இல்லையே, அப்ப எதுக்கு புடிச்சு வெச்சீங்கன்னு கோர்ட் கேக்கும். சொத்த காப்பாத்த தேவையான அளவு பலம் பிரயோகிக்க உரிமை இருக்கு, கைய புடிச்சு வெளிய கொண்டு விடலாம், ஆனா ஆள் நாற்காலியில உக்காந்துட்டப்புறம் விழுற அடிக்கு தற்காப்புன்னு பேர் கிடையாது. செக்யூரிட்டி ஏஜென்சி ஆளுதானேன்னும் நினைக்காதீங்க, "உள்ள போட்டு வை"ன்னு போன்ல சொன்னது நீங்க.

அந்த ஆள் எப்படி உள்ள வந்தார்னு பாருங்க, உங்க எதிர்தரப்பு வக்கீல் அங்கதான் கை வைப்பார். கார்டு ரத்தாகல, வராதேன்னு யாரும் எழுதிக் குடுக்கல, கேட்டுல தடுக்கல, பாக்கி சம்பளம் கேக்கத்தான் வந்தேன்னு அவர் சொன்னா கெட்ட எண்ணத்த நீங்க எத வெச்சு நிரூபிப்பீங்க? கடைசி நாள் கணக்கு முடிக்கும்போதே கார்ட வாங்கி சிஸ்டத்துலயும் அடைச்சிரணும், அனுமதியில்லாம உள்ள வரக்கூடாதுன்னு எழுத்துல குடுத்து கையெழுத்து வாங்கணும். ஒவ்வொரு வழியிலயும் போர்டு வைங்க, வந்து போறவங்களுக்கு புரியிற மொழியில. ஷிப்ட் மாறும்போது ஒருத்தர் கார்டு தட்ட நாலு பேர் பின்னாடியே நுழையிறதுதான் எல்லா இடத்துலயும் ஓட்டை, ஒரு தடவைக்கு ஒரு ஆள் மட்டும் போற மாதிரி சுழல் கேட்டு வெச்சா பாதி பிரச்சினை போச்சு.

அப்புறம் அந்த கேட் ரெஜிஸ்டர். ஒரு கேஸ்ல நானே பாத்தேன், பக்கம் பூரா "யாரைப் பார்க்க" கட்டத்துல மேற்படி மேற்படின்னு போட்டிருந்தது, வெளிய போன நேரம் ஒரு வரியிலகூட இல்ல, நாலு நாள் எழுத்து ஒரே பேனா, ஒரே சாய்வு. குறுக்கு விசாரணையில அத காட்டுனதும் அந்த செக்யூரிட்டி தலைய குனிஞ்சிட்டார், பாவம், அவருக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. ஒழுங்கா எழுதின ரெஜிஸ்டர் உங்களுக்கு சாட்சி, இப்படி எழுதினது எதிராளிக்கு சாட்சி.

வேலிக்கு கரண்ட், தயவுசெஞ்சு வேணாம். உயிர் போற மாதிரி லைன்லேருந்து நேரா கரண்ட் விட்டு ஆள் செத்தா அது கொலை வழக்கு வரைக்கும் போகும். திருடன்தானேன்னு சட்டம் விடாது. 1971ல அமெரிக்காவுல அயோவா மாநில சுப்ரீம் கோர்ட்டுல ஒரு கேஸ், ஆளில்லாத வீட்டுக்குள்ள திருட வந்தவன் கதவ திறந்தா கால்ல சுடுற மாதிரி துப்பாக்கி கட்டி வெச்சிருந்தாங்க, சுட்டுச்சு, வீட்டுக்காரங்கதான் அந்த திருடனுக்கு 30,000 டாலர் குடுக்க வேண்டியதாச்சு. இதுக்கு மறுபக்கமும் இருக்கு, வேலி ஓட்டையா இருக்குன்னு தெரிஞ்சே விட்டாலும் மாட்டுவீங்க. பிரிட்டன்ல உடைஞ்ச வேலி வழியா 6 வயசு பையன் ஒருத்தன் மின்சார ரயில் பாதைக்குள்ள போயி கரண்ட் பட்டு பலத்த தீக்காயம் அடைஞ்சான், பசங்க அந்தப் பக்கம் வராங்கன்னு ரயில்வேக்கு முன்னாடியே தகவல் போயிருந்துச்சு. அவன் அத்துமீறி வந்தவன்தான், ஆனாலும் ரயில்வேதான் பொறுப்புன்னு 1972ல தீர்ப்பு. அதனால வேலி ஓட்டைய அடைங்க, உயரத்த கூட்டுங்க, லைட் போடுங்க. லைட்டும் ஆள் நடமாட்டமும் தடுக்கிற அளவுக்கு எதுவும் தடுக்காது, இது என் அனுபவம்.

கடைசியா அந்த ஷட்டர், உங்க கடிதத்துலயே என்ன ரொம்ப பயமுறுத்துனது அதுதான். நியூயார்க்ல 1911ல ட்ரையாங்கிள் தையல் தொழிற்சாலையில தீப்புடிச்சு 146 பேர் செத்தாங்க, தொழிலாளிங்க துணிய எடுத்துட்டு போயிடுவாங்கன்னு ஒரு வாசல பூட்டி வெச்சிருந்தாங்க. 1991ல வட கரோலினாவுல ஹாம்லெட்ங்கிற ஊர்ல கோழி பதப்படுத்துற ஆலையில 25 பேர், அங்கயும் பூட்டுன கதவுதான். உள்ள வர்ற வழிய எவ்வளவு வேணா இறுக்கலாம், வெளிய போற வழிய இறுக்க எந்த சட்டமும் அனுமதிக்காது. வெளியேருந்து திறக்க முடியாம, உள்ளேருந்து கையால தள்ளினா திறக்கிற பேனிக் பார் கதவு அங்க போடுங்க, திறந்தா அலாரம் அடிக்கிற மாதிரி வெச்சா போதும், திருட்டுத்தனமா யாரும் அத பயன்படுத்த முடியாது. கார்டு தட்டி திறக்கிற எலக்ட்ரிக் பூட்டு இருந்தா கரண்ட் போனாலும் தீ அலாரம் அடிச்சாலும் தானா விட்டுக்குடுக்கிற வகையான்னு உங்க எலக்ட்ரீஷியன வெச்சு ஒரு தடவ மெயின் ஸ்விட்ச அணைச்சும், தீ அலாரத்த அடிச்சும் பாத்துருங்க. கதவு வர நாளாகும், அதுவரைக்கும் அந்த ஷட்டர்ல ஒரு ஆள் உக்காரட்டும். ராத்திரி ஷிப்ட்ல 30 பேர் இருக்காங்கன்னு எழுதியிருக்கீங்க, அவங்க உள்ள ஏறுறதுக்கு முன்னாடி இன்னைக்கே அந்த பூட்ட எடுத்துருங்க சார்.