டூரிஸ்ட் விசாவில் போகாதீர்கள், முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள்

சகோதரி, கணவர் ஜெர்மனியின் மியூனிக்கில் ப்ளூ கார்டில் (படித்த வெளிநாட்டவருக்கு அங்கே தரும் வேலை, தங்கும் அனுமதி) இருக்கிறார், அவரோடு போய்ச் சேர வேண்டும், திருமணச் சான்றிதழில் அவர் பெயர் இனிஷியலோடும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகவும் இருக்கிறது, மதுரை ஏஜென்ட் ஒருவர் டூரிஸ்ட் விசாவில் போகச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

அந்த வழி வேண்டவே வேண்டாம். டூரிஸ்ட் விசா என்றால் ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால விசா. அதில் 180 நாட்களுக்குள் 90 நாள்தான் தங்க முடியும். அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பிப் போனால், பெரும்பாலும் ஊருக்குத் திரும்பி விண்ணப்பிக்கச் சொல்லிவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியது நீண்ட காலம் தங்குவதற்கான டி வகை தேசிய விசா. கட்டணம் 75 யூரோ.

இப்போது பெயர்தான் முக்கியம். நம் ஊரில் இனிஷியல் என்றால் அப்பா பெயர் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மன் அதிகாரிக்கோ அது வேறொரு ஆளின் பெயராகத் தெரியலாம். மேலூரில் திருமணம் பதிவான அதே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு இருவர் பாஸ்போர்ட்டோடும் போய்த் திருத்தம் கேளுங்கள். நோட்டரி அஃபிடவிட்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள், அது துணைக்குத்தான்.

அப்புறம், ஏ1 தேர்வு, அதாவது ஜெர்மன் மொழியின் தொடக்க நிலைத் தேர்வு. ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் மனைவிக்கு அந்தச் சான்றிதழ் கட்டாயமில்லை. அதற்கென்று ஏஜென்ட் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆனால் மொழியைப் படியுங்கள், தனியாக டாக்டரிடம் போகும் நாளில் ரொம்ப உதவும். கணவரின் ப்ளூ கார்டு, பாஸ்போர்ட் நகல், அங்குள்ள முகவரிப் பதிவுச் சான்று எல்லாவற்றையும் இன்றே அனுப்பச் சொல்லுங்கள்.