வாசகர் கேள்வி-பதில்: பூதம் ஒன்று போதும்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் ஐவரைக் கூட்டி, நான் கதை சொல்ல, அவர்கள் ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும், வாளும் மந்திரமும் கலந்த மேசையாட்டமொன்றை நடத்தி வருகிறேன். முதல் வாரம் ஒற்றை வேதாளத்துக்கே நடுங்கியவர்கள், இப்போது டிராகன் வந்து நின்றாலும் "இதற்கு எத்தனை உயிர்ப்புள்ளி, எவ்வளவு அடி தாங்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். இதைவிடப் பயங்கரமான பூதங்களுக்கு எங்கே போவது?
- வாசகர், தலவாக்கலை

பதில்: எங்கும் போக வேண்டாம், கையில் இருப்பவற்றில் பெரும்பாலானவற்றை முதலில் விரட்டிவிடுங்கள். வாரத்துக்கு ஆறேழு பூதங்களை இறக்கினால், மடுவத்தில் கொழுந்து நிறுப்பதைப்போல ஆட்டக்காரர்கள் அவற்றைக் கணக்கெழுதத் தொடங்கிவிடுவார்கள். (நானும் ஒரே இரவில் மூன்று டிராகன்களை இறக்கியவன்தான், மூன்றாவது வந்தபோது ஒருவர் தேநீர் ஊற்ற எழுந்து போய்விட்டார்.)

நம் தேயிலை மலைகளில் சிறுத்தை உலவுவது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதைக் கண்ணால் கண்டவர்கள் சிலரே. விடியற்காலையில் லயத்து வாசலில் கட்டியிருந்த நாயைக் காணவில்லை, பீலிக்கரைச் சேற்றில் உள்ளங்கையளவு தடம் ஒன்று பதிந்திருக்கிறது என்றால், அன்று கொழுந்துக்குப் போகிறவர்கள் பனிமூட்டத்துக்குள் ஒரு செடி அசைந்தாலும் நின்று பார்க்கிறார்கள். உங்கள் பூதமும் இப்படியே வரட்டும்: முதல் வாரம் வெறிச்சோடிய ஆட்டுப்பட்டி, அடுத்த வாரம் அந்தக் கணவாயைப் பற்றிப் பேச மறுக்கும் வண்டிக்காரன், மூன்றாம் வாரம் ஓசை மட்டும். அதற்கு ஊரார் வைத்த பெயர் இருக்கட்டும், விதிநூலில் உள்ள இனப்பெயர் வேண்டாம்.

மற்ற நாட்களில் பகையை மனிதர்களிடம் தேடுங்கள். நம் தோட்டங்களில் ஆடப்படும் பொன்னர் சங்கர் கூத்தில் கதையை நகர்த்துவது பங்காளிப் பகையும் வேடுவரோடான பகையுமே. கொம்பன் என்னும் காட்டுப்பன்றி ஒன்றே ஒன்றுதான், அதனால்தான் அதன் வேட்டை நினைவில் நிற்கிறது.

பாத்திரங்கள் வலுப்பெறுவதற்கான அனுபவப் புள்ளியை வழங்கும் முறையையும் மாற்றுங்கள். இவ்வகை ஆட்டங்களில் ஒன்றான, 1974இல் வெளியான டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸின் முதல் விதிகளில் கொன்றதற்கு மட்டுமல்லாமல், கைப்பற்றிய பொற்காசு ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கிலும் அனுபவப் புள்ளி கிடைத்தது; ஆகவே தூங்கும் பூதத்தை எழுப்பாமல் புதையலோடு நழுவுவதும் ஆதாயமாகவே இருந்தது. எதிர்ப்படும் உயிர் தாக்குமா, பேசுமா என்பதை இரண்டு பகடைகளை உருட்டி அறியும் வழியும் அதில் இருந்தது. கொலைக்கு மட்டுமே புள்ளி கொடுத்தால், அவர்கள் கொல்லத்தான் செய்வார்கள்.

கேள்வி: பூதம் குறைந்தால் சண்டையும் குறைந்து சலிப்புத் தட்டாதா?
- அதே வாசகர்

பதில்: தட்டாது. மனிதன் சரணடைவான், பேரம் பேசுவான், பாதியில் ஓடுவான். கோட்டைவாசலில் நீங்கள் வெட்டிய காவலாளிக்கு ஓர் அண்ணன் இருப்பான், அவன் அடுத்த ஞாயிறு விடுதிக் கதவைத் தட்டுவான்.